பூட்டியவர் பொறுப்பு: மலாக்காத் தமிழரும் காவல் மரணங்களும்

ஆயர் குரோ நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே காலை எட்டரை மணிக்கெல்லாம் நம்மவர் சிலர் வந்து நின்றுவிடுவார்கள். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அண்டை வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த அம்மா இருப்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மகனுக்கு ஒரு டீ சட்டை, ஒரு பொட்டலம் நாசி லெமாக், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. போலீஸ் வண்டி உள்ளே நுழைந்ததும் எல்லாக் கண்களும் கம்பி வலைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். ரிமாண்ட் எத்தனை நாள் என்பது அப்புறம். "பையன் தானா நடந்து வர்றானா, யாராச்சும் தாங்கிப் பிடிச்சிருக்காங்களா?" என்பதுதான் அந்த அம்மா முதலில் பார்ப்பது.

அந்தப் பார்வையில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒருவரைப் பிடித்துப் பூட்டிய பிறகு அவருடைய உயிருக்கும் உடம்புக்கும் யார் பொறுப்பு? வெளியே இருப்பவர் நோய் வந்தால் கிளினிக்குக்குப் போவார், அடி விழுந்தால் ஓடுவார், பசித்தால் கடன் கேட்டாவது சாப்பிடுவார். உள்ளே இருப்பவருக்கு இந்த மூன்று வழியும் இல்லை. அவற்றை அடைத்தவர் யாரோ அவரே அந்த மூன்றுக்கும் பொறுப்பு. குற்றவாளியா நிரபராதியா என்பது இதில் வராது. சாவி போலீஸ்காரர் கையில் இருந்தாலும், சிறை வார்டர் கையில் இருந்தாலும், குத்தகை எடுத்த கம்பெனியின் காவலாளி கையில் இருந்தாலும் பூட்டச் சொன்னது அரசுதான். அந்தப் பொறுப்பை அரசு எவரிடமும் கைமாற்றிவிட முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சட்டம் அதை எவ்வளவு தூரம் ஏற்றிருக்கிறது, நடப்பில் எங்கே நழுவுகிறது, மலாக்காவில் இருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

தோட்டமே சிறையாக இருந்த காலம்

தனியார் சிறை என்றால் அமெரிக்காவில் தோன்றிய புதுச்சரக்கு என்று நினைக்கிறோம். நம் பாட்டன் பூட்டன் அதற்குள்தான் இருந்தார்கள்.

முதலில் வந்தவர்கள் கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களைப் பிரிட்டிஷ் ஆட்சி பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றிலும் வைத்து வேலை வாங்கியது. தொடுவாய்க் குடியேற்றங்களின் சாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. 1873இல் அந்த முறை மூடப்பட்டது. அதை நிர்வகித்த மெக்நாயர் என்ற அதிகாரி 1899இல் ஒரு நூல் எழுதினார். கைதிகளே கைதிகளுக்குக் காவலர்களாக இருந்த ஏற்பாட்டை அதன் தலைப்பே பெருமையோடு சொல்கிறது. காவல் காக்கும் செலவைக்கூட அரசு காவலில் இருந்தவர்கள் தலையிலேயே வைத்தது.

அடுத்து வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போவதை அன்றைய சட்டம் கொடுக்கல் வாங்கல் தகராறாகப் பார்க்கவில்லை, குற்றமாகவே பார்த்தது. ஓடிப்போன கூலியைப் பிடித்துக் கொண்டுவந்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் அபராதம், இல்லையேல் சிறை. சிறையிலிருந்து வெளியே வந்தால் மறுபடியும் அதே தோட்டம். துரையின் வேலியும் அரசின் சிறைச் சுவரும் ஒரே சுற்றுச்சுவராக இருந்தன. 1890களில் டான் சே யான் மலாக்காவில் ரப்பரை வணிகப் பயிராக நட்ட பிறகு தோட்டங்கள் பெருகின. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. ஓடிப்போனவரைச் சிறையில் தள்ளும் தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்தில்தான் போயின. விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துத் தலை எண்ணும் பழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. சிறையிலும் விடியற்காலையில் நடப்பது அதுதான்.

அந்தக் காலத்திலிருந்து நமக்குத் தேவையான ஒரு பாடமும் உண்டு. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. மறு ஆண்டே மலாயாவில் இந்திய அரசுக்கென ஓர் ஏஜெண்ட் நியமிக்கப்பட்டார். அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். லயத்தைப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், சம்பளத்தையும் சாவையும் கணக்கெடுத்தார், ஆண்டறிக்கையாக எழுதினார். துரைக்குச் சம்பளம் வாங்காத ஒருவர் உள்ளே வந்து பார்த்து அச்சில் போட்டார் என்பதே அதில் புதிது. அவரால் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் மறைத்துவைக்கும் வசதி குறைந்தது. காவலில் இருப்பவரைக் காப்பாற்ற உலகம் இதுவரை கண்டுபிடித்த வழிகளில் இதைவிடச் சிறந்தது இல்லை. உள்ளே இருப்பவர்மேல் அதிகாரம் இல்லாத, அதிகாரிக்குக் கீழ்ப்படியாத ஒரு வெளியாள் சொல்லாமல் வந்து பார்த்து, கண்டதை எழுத வேண்டும்.

மலாக்காவின் பூட்டுகள்

மலாக்கா சின்ன மாநிலம். பூட்டுகள் பல.

பண்டா ஹிலிரில், ஜாலான் பரமேஸ்வராவில் இருக்கும் பழைய சிறை இன்று அருங்காட்சியகம். சுற்றுலாப் பயணிகள் அறைக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இயங்கும் சிறை சுங்கை ஊடாங்கில் இருக்கிறது. ஜாசினில் சீர்திருத்த மையம் ஒன்று உண்டு. தெலுக் மாஸில் கடலோரமாக ஹென்றி கர்னி பள்ளி. 1950இல் அந்தப் பெயரைப் பெற்ற அந்த இடத்துக்குத்தான் நீதிமன்றம் அனுப்பும் இளம் குற்றவாளிகள் போகிறார்கள். பேருக்குப் பள்ளி, நடத்துவது சிறைத்துறை. அலோர் காஜா மாவட்டத்தில் மச்சாப் உம்பூவில் குடிநுழைவுத் தடுப்பு முகாம். இவை போக ஒவ்வொரு மாவட்டப் போலீஸ் தலைமையகத்திலும் லாக்கப்.

லாக்கப் போலீசுக்கு, சிறை சிறைத்துறைக்கு, முகாம் குடிநுழைவுத் துறைக்கு. மூன்றுமே உள்துறை அமைச்சின் கீழ் வருகின்றன. அமைச்சு ஒன்று, சட்டங்கள் மூன்று. ஒருவர் எந்தக் கதவுக்குப் பின்னால் இறந்தார் என்பதைப் பொறுத்து அவருடைய சாவைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளும் மாறுகின்றன. இந்த வேறுபாடு வழக்கறிஞர்களுக்குத் தெரியும். குடும்பங்களுக்குச் சவக்கிடங்கு வாசலில்தான் தெரியவருகிறது.

சட்டம் தரும் வாக்கு

ஏட்டில் பார்த்தால் நம் சட்டம் ஏழை அல்ல. கூட்டரசு அரசமைப்பின் 5ஆவது பிரிவு, சட்டப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்குமேல் வைத்திருக்க வேண்டுமானால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்கீழ் ரிமாண்ட் உத்தரவு வேண்டும். ஏன் கைது செய்தோம் என்று சொல்ல வேண்டும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும் என்று அதே சட்டத்தின் 28ஏ பிரிவு கட்டளையிடுகிறது. பணம் இல்லாதவருக்கு ரிமாண்ட் கட்டத்திலேயே வழக்கறிஞரை அனுப்பத் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. லாக்கப்பில் உணவு, மருத்துவம், சுத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1953ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. சிறைகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டமும், அதன்படி வருகை தரும் நீதிமான்களும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் ஓர் ஓட்டை இருக்கிறது. அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவில் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கிறது. போலீஸ் காவலிலோ, மனநல மருத்துவமனையிலோ, சிறையிலோ ஒருவர் இறந்தால் பொறுப்பில் இருந்த அதிகாரி அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும். இதுவரை மூவருக்கும் ஒரே நீதி. அதன் பிறகு வாக்கியம் பிரிகிறது. இறந்தது போலீஸ் காவலில் என்றால் மாஜிஸ்திரேட் உடலைப் பார்த்து மரண விசாரணை நடத்தியே ஆக வேண்டும். மற்ற இடங்களில் என்றால், அவருக்குத் தேவை என்று பட்டால் நடத்தலாம். குடிநுழைவுத் தடுப்பு முகாமின் பெயரே அந்தப் பிரிவில் இல்லை.

ஆயர் குரோவில் காத்து நிற்கும் அந்த அம்மாவின் மகன் இன்று லாக்கப்பில் இருக்கிறான். வழக்கு நீண்டு, பிணைப் பணம் கட்ட வழியில்லாமல், அடுத்த மாதம் விசாரணைக் கைதியாகச் சுங்கை ஊடாங்குக்குப் போகலாம். ஆள் அதேதான், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனால் அவனுக்கு ஒன்று நேர்ந்தால் விசாரணை என்பது கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு இறங்கிவிடுகிறது. திருத்துவதற்கு அதிகச் செலவில்லாத சட்டப்பிழை இது. இன்னும் திருத்தப்படவில்லை.

நடந்தவை

2004இல் அரசு நியமித்து, முன்னாள் தலைமை நீதிபதி முகமது சைடின் தலைமையில் போலீஸ் படையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் மறு ஆண்டு 125 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அந்த அறிக்கையின்படி, 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்திருந்தார்கள். மரண விசாரணை நடந்தது ஆறு சாவுகளுக்கு மட்டும். விசாரணை கட்டாயம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லும் இடத்திலேயே இந்த நிலை என்றால், விருப்பம்போல் என்று விட்ட இடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2000 முதல் 2014 பிப்ரவரி வரை 242 பேர் போலீஸ் காவலில் இறந்ததாக அரசே பின்னர்ச் சொன்னது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர். மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு அளவே. இந்த ஒப்பீட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். கைதாகிறவர்களில் நம் பங்கும் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். காரணம் தெரிந்ததே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமான பிறகு, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நிலமோ தொழிலோ இல்லாமல் நகரத்தின் ஓரத்தில் வந்து விழுந்தன. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலரை முதலில் தேடி வந்த அரசு ஊழியர் போலீஸ்காரர்தான். ஆகவே சாவில் நம் பங்கு அதிகம் என்பது இனவெறிக்குத் தனியான நிரூபணம் ஆகாது. நம் பிள்ளைகள் அளவுக்கு மீறி அந்தக் கதவுக்குள் போகிறார்கள் என்பதற்கும், கதவுக்குப் பின் நடப்பது நமக்கு அன்றாடக் கவலை என்பதற்கும் அது போதுமான நிரூபணம்.

வழக்குகளில் ஒன்றைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். 2009 ஜனவரியில் 22 வயது ஆ.குகன் சுபாங் ஜெயாவில் தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகச் சொன்னது. குடும்பம் அதை ஏற்காமல் வேறொரு மருத்துவமனையில் இரண்டாம் பரிசோதனை செய்யவைத்தது. அதே உடலில் அங்கே 45 வகைக் காயங்கள் பதிவாயின. தொடர்ந்து அடித்ததில் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து உயிர் போயிருந்தது. ஓர் உடல், இரண்டு அறிக்கைகள். இரண்டாவதற்குக் குடும்பம் போராடியிராவிட்டால் முதலாவதுதான் வரலாறாக இருந்திருக்கும்.

குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள். குகனின் தாய் இந்திரா தொடுத்த உரிமையியல் வழக்கில் 2013 ஜூனில் உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி.சிங்கம் 8,01,700 ரிங்கிட் இழப்பீடு விதித்தார். கடைசிக் கை யாருடையது என்பதோடு அவர் நிற்கவில்லை. கண்காணிக்க வேண்டிய மேலதிகாரியையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கினார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறு ஆண்டு ஒரு பகுதியைக் கழித்துவிட்டு அதை நிலைநிறுத்தியது.

அடிதான் கொல்லும் என்பதும் இல்லை. 2012இல் கோலாலம்பூர் டாங் வாங்கி லாக்கப்பில் ஒரு நோயாளி நேரத்துக்கு மருந்தும் மருத்துவமும் கிடைக்காமல் இறந்தார். அவருடைய குடும்பம் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போயிற்று. காவலில் உயிருரிமை மீறப்பட்டால், மற்றவர்க்குப் பாடமாக அமையும் கூடுதல் இழப்பீட்டையும் கோரலாம் என்று 2021இல் அந்த நீதிமன்றம் சொன்னது. மாத்திரை கொடுக்காததும் அரசின் குற்றமே என்பதற்கு இன்று நாட்டின் உச்ச நீதிமன்றத்துத் தீர்ப்பே சாட்சி. 2017 பிப்ரவரியில் கிள்ளானில் மாஜிஸ்திரேட் ஒருவர், நிற்க முடியாத நிலையில் இருந்தவருக்கு ரிமாண்ட் மறுத்து, மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னார். ஆனால் போலீஸ் அந்தக் கைதியை விடவில்லை. அன்றிரவே லாக்கப்பில் உயிர் பிரிந்தது. அங்கே நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. அதன் சொல்லைக் கதவுக்கு உள்ளே கொண்டுசேர்க்க ஆள் இல்லை.

சிறைக்குள் நடப்பது இன்னும் அரிதாகவே வெளியே வருகிறது. 2025 ஜனவரி 17 அன்று தைப்பிங் சிறையில் கைதிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றும்போது வார்டர்கள் அவர்களைத் தாக்கியதாகவும், ஒரு முதிய கைதி இறந்ததாகவும் புகார் எழுந்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணையைத் தொடங்கியது. கைதிகள் நேரில் சாட்சி சொன்னார்கள், கண்காணிப்புக் கேமராப் பதிவு பொதுவெளிக்கு வந்தது. சிறைச் சுவருக்குள் நடந்ததைப் பொதுமக்கள் இப்படிப் பார்க்கக் கிடைப்பது மிக அரிது.

அந்த ஆண்டு நவம்பரில் கேள்வி மலாக்காவுக்கே வந்தது. 24ஆம் தேதி விடியற்காலையில் டுரியான் துங்கால் செம்பனைத் தோட்டத்தில் மூன்று இந்திய இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கியால் இறந்தார்கள். கொள்ளையர்கள் பாராங்கோடு பாய்ந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். குடும்பங்கள் மறுத்தன. டிசம்பரில் தலைமைச் சட்டத்துறை அலுவலகம் அதைக் கொலைப் பிரிவின்கீழ் விசாரிக்க உத்தரவிட்டது. உண்மை என்ன என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அது காவல் மரணமும் அல்ல. ஆனால் தோட்டத்து வீடுகளில் அன்று முதல் கேட்கும் கேள்வி அதே கேள்வி: கணக்குக் கேட்பது யார்?

காடேக் தொகுதியின் அனுபவம்

பொறுப்புக் கேட்கும் அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர்களே உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கும் மலாக்காவில் சான்று உண்டு. 2019 அக்டோபரில் விடுதலைப்புலிகளை ஆதரித்தார்கள் என்று 12 பேரைப் போலீஸ் சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின்கீழ்ப் பிடித்தது. அவர்களில் ஒருவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதன். முந்தைய ஆண்டு நவம்பரில் ஆயர் குரோவின் ஒரு மண்டபத்தில் நடந்த மாவீரர் நினைவு நிகழ்ச்சிதான் வழக்கின் மையம்.

2012இல் வந்த சொஸ்மா, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே 28 நாள் வைத்திருக்க இடம் தருகிறது. குற்றம் சாட்டிய பிறகும் அதன் 13ஆவது பிரிவு பிணையை மறுக்கிறது. அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று நவம்பர் 29 அன்று உயர்நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான் தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகும் அவர்கள் வீடு திரும்ப 2020 பிப்ரவரி 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அரசுத் தரப்பு 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டது. தீபாவளியும் பொங்கலும் உள்ளேயே கழிந்தன. மக்கள் பிரதிநிதிக்கே நான்கு மாதம் ஆனது. பெயர் தெரியாத தோட்டத்துப் பையனுக்கு எத்தனை மாதம்?

கண்காணிக்கிறவரைக் கண்காணிப்பது

அரச ஆணையத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கையின் இதயமாக இருந்தது சுயேச்சையான போலீஸ் புகார் ஆணையம். அது வருவதற்கு 18 ஆண்டுகள் ஆயின. வந்தபோது பல் பிடுங்கப்பட்டிருந்தது. 2011இல் பல அமலாக்க நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு நேர்மை ஆணையம் இயங்கத் தொடங்கியது. பிறகு போலீசுக்கென்று தனியாக ஐபிசிசி என்னும் நடத்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது தானாகத் தண்டிக்க முடியாது, போலீஸ் படை ஆணையத்துக்குப் பரிந்துரைக்கலாம். லாக்கப்பைப் பார்வையிட வேண்டுமானால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். விருந்தாளி வரும் நாளைச் சொல்லிவிட்டால் எந்த வீடும் பெருக்கித் துடைத்துத்தான் இருக்கும்.

சுஹாகாம் தன் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தடுப்பு இடங்களைப் பார்வையிடலாம், ஆனால் அந்தந்த இடத்தின் சட்டநடைமுறைக்கு உட்பட்டே. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அதன் விசாரணை நின்றுவிட வேண்டும். வருகை தரும் நீதிமான்கள் எழுதும் குறிப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. 2014 முதல் மரண விசாரணைக்கென்று தனி நீதிமன்றங்கள் இயங்குவது நல்ல முன்னேற்றம். 2022 முதல் காவல் மரணங்களை விசாரிக்கப் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் தனிப்பிரிவு இருக்கிறது. ஆனால் போலீசைப் போலீசே விசாரிக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் மலேசியா இன்னும் சேரவில்லை. சேர்ந்து, அதன் கூடுதல் நெறிமுறையையும் ஏற்ற நாடுகளில், சொல்லாமல் கொள்ளாமல் எந்தத் தடுப்பு இடத்துக்குள்ளும் நுழையும் உரிமை ஒரு தேசிய அமைப்புக்கு இருக்கும்.

சாவியைக் கம்பெனியிடம் கொடுத்தால்

மலேசியாவில் தனியார் சிறை கிடையாது. இருந்தும் அந்த உலக அனுபவம் நமக்கு வேண்டும். அதில் தமிழர்களும் அகப்பட்டார்கள்.

1983இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சிறை நடத்துவதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டுக் கைதிகளில் சுமார் எட்டு விழுக்காட்டினர் தனியார் சிறைகளில். இங்கிலாந்து 1992இல் அவ்வழி போனது. இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 2009இல் வேறு முடிவு சொன்னது: மனிதனை அடைத்துவைக்கும் அதிகாரத்தை லாபம் தேடும் கம்பெனியிடம் கொடுப்பதே மனித மாண்புக்கு எதிரானது என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் சிறையை 2011இல் ஜி4எஸ் கம்பெனி எடுத்து நடத்தியது. 2018 ஆகஸ்டில் சிறை ஆய்வாளர் உள்ளே கண்ட அழுக்கையும் வன்முறையையும் வெளிப்படையாக எழுதியதும் அரசு சிறையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே காப்பாற்றியது ஒப்பந்தத்தின் பக்கங்கள் அல்ல, முன்னறிவிப்பின்றி நுழைந்து உரக்கச் சொன்ன ஓர் ஆய்வாளர்.

ஆஸ்திரேலியாவில் படகில் போன ஈழத்தமிழர் பலர் இருந்த குடிநுழைவுத் தடுப்பு மையங்களில் 2009 முதல் காவல் செர்கோ கம்பெனியிடம் இருந்தது. மருத்துவம் இன்னொரு கம்பெனியிடம். நாடு முழுதும் அறிந்த பிலோயலா தமிழ்க் குடும்பம் 2018இல் பிடிக்கப்பட்டு, மறு ஆண்டு கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது. 2021 ஜூனில் அவர்களுடைய மூன்று வயது மகள் இரத்தத்தில் தொற்றுப் பரவி பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் போக வேண்டியிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெற்றோர் சொல்ல வேண்டியது காவல் கம்பெனியிடமா, மருத்துவக் கம்பெனியிடமா, கான்பெராவில் இருக்கும் அமைச்சரிடமா? கைகள் கூடக் கூடப் பொறுப்பு கரைந்துபோகிறது. ஆஸ்திரேலியாவின் மானுஸ் தீவுத் தடுப்பு முகாமில் இருந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2017இல் அரசும் கம்பெனிகளும் சேர்ந்து 7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. குத்தகை கொடுத்த அரசு அங்கே தப்பவில்லை.

இது நமக்கு வெளியூர்க் கதை என்று விட முடியாது. கோவிட் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் வரத்து நின்றபோது, கைதிகளையும் பரோலில் வந்தவர்களையும் செம்பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வைக்கும் திட்டங்கள் விரிந்தன. வெளியே வந்து சம்பளம் வாங்கிப் பழகுவது நல்லதே. மூடிய அறையில் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மலேசியா 1957இலேயே ஏற்ற கட்டாய உழைப்பு உடன்படிக்கை, கைதியைத் தனியார் கம்பெனியின் கையில் ஒப்படைப்பதைத் தடை செய்கிறது. அவர் மனமார ஒப்புக்கொண்டு, வெளியாருக்குத் தரும் சம்பளமும் பாதுகாப்பும் பெற்றால்தான் அது நேர்மையான வேலை. மறுத்தால் பரோல் போய்விடும் என்ற பயத்தில் சொல்லும் 'சரி'க்கும், ஓடினால் சிறை என்ற பயத்தில் நம் பூட்டன் வைத்த கைநாட்டுக்கும் அதிகத் தூரமில்லை. தோட்டத் துறையில் இதைப் பார்வையிட வேண்டியவர் சிறைத்துறை அதிகாரி மட்டுமா, தொழிலாளர் துறையும் தொழிற்சங்கமும் சேர்ந்தா என்று கேட்கும் தகுதி நமக்குத்தான் அதிகம்.

மறுபக்கத்தின் நியாயம்

சீருடையில் இருப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். காவலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோயால் இறக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். போதைப்பழக்கம், எச்ஐவி, காசநோய், முற்றிய நீரிழிவோடு உள்ளே வருகிறவர்கள் பலர். சிறைகள் நெரிசலாக இருக்கின்றன. லாக்கப்பில் இரவுப் பணியில் இருக்கும் கான்ஸ்டபிள் மருத்துவர் அல்ல. பணத்துக்கும் பதவிக்கும் ஆசைப்படாமல் நேர்மையாக வேலை செய்யும் வார்டர்களும் இருக்கிறார்கள், அவர்களில் நம்மவரும் உண்டு.

இவை அனைத்தும் உண்மை. அதனால்தான் திறந்த விசாரணை அவர்களுக்கும் தேவை. நோயால்தான் இறந்தார் என்றால் எப்போது வலி என்று சொன்னார், யார் கேட்டார், எத்தனை மணிக்கு ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டது என்ற பதிவே நேர்மையான அதிகாரியைக் காப்பாற்றும். நோயாளி என்று தெரிந்தே ஒருவரைப் பூட்டினால் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

கேட்க வேண்டியவை

மேலே கண்டவற்றிலிருந்து ஐந்து கோரிக்கைகள் தாமே எழுகின்றன. முதலாவது, 334ஆவது பிரிவைத் திருத்தி, லாக்கப், சிறை, ஹென்றி கர்னி பள்ளி, குடிநுழைவு முகாம் எங்கே இறந்தாலும் மரண விசாரணையைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது, முன்னறிவிப்பு இல்லாமல் நுழையும் அதிகாரம் சுஹாகாமுக்கும் ஐபிசிசிக்கும் வேண்டும். அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, இரண்டாம் பிரேதப் பரிசோதனையைக் குடும்பம் கேட்டால் அரசுச் செலவில் செய்ய வேண்டும். நான்காவது, காவல் மரணங்களையும் கைதுகளையும் இடம், இனம், காரணம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஐந்தாவது, கைதியை வேலைக்கு எடுக்கும் எந்தத் தோட்டமும் கம்பெனியும் அதே ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. கோவில் கமிட்டிகளும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் நோட்டீஸ் அடிக்கின்றன. 28ஏ பிரிவு தரும் உரிமைகளையும் இலவச வழக்கறிஞர் கிடைக்கும் வழியையும் ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, மெர்லிமாவிலும் ஜாசினிலும் மஸ்ஜித் தானாவிலும் வீடு வீடாகக் கொடுக்கலாம். மகனைப் பிடித்துப் போன இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று தெரியாமல் ஓர் அம்மாவும் விடியும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆயர் குரோவில் அந்த அம்மா கடைசியில் பையைக் காவலில் இருக்கும் போலீஸ்காரரிடம் நீட்டுவார். சோற்றுப் பொட்டலத்தையும் சட்டையையும் திருப்பிக் கொடுத்தாலும் அவர் வருத்தப்படமாட்டார். "சார், இந்த மாத்திரைய மட்டும் காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு குடுத்துருங்க" என்று கெஞ்சுவார். அந்த அட்டையை வாங்கியவரின் பெயர், வாங்கிய நேரம், கொடுத்த வேளை எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். அந்தப் புத்தகத்தை எந்த நாளும் திறந்து பார்க்க வெளியே ஒருவருக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அரசு தர வேண்டிய முதல் பதில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.